டிஸ்கைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லாதீர்கள்

நீலகிரி மாவட்டத்தில் பொக்லைன், மினி எக்ஸ்கவேட்டர் போன்ற டிராக் இயந்திரங்கள் வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கும், அவற்றை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் வணக்கம்.

வளைத்துப் பேசாமல் விஷயத்துக்கு வருகிறோம். ஒரு பக்க டிராக் மெதுவாகப் போகிறது, மோட்டார் கொதிக்கிறது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. மெக்கானிக் வந்து பார்த்து, பார்க்கிங் பிரேக் விடவில்லை என்கிறார். உடனே நீங்கள் சொல்வது: "டிஸ்கை எடுத்துட்டு மூடிடுப்பா, வேலை முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." அந்த அப்புறம் வருவதே இல்லை. பிரேக் டிஸ்க் இல்லாத வண்டி இன்னொரு ஒப்பந்ததாரர் கைக்குப் போகிறது. அங்கிருக்கும் ஆபரேட்டருக்கு அது தெரியாது. கோத்தகிரிச் சரிவிலோ மஞ்சூர்ப் பக்கத்திலோ இன்ஜினை அணைத்துவிட்டுச் சாப்பிட இறங்குகிறார். வண்டிக்குக் கீழே தேயிலையும், அதற்குக் கீழே யாருடைய வீடோ சாலையோ இருக்கிறது.

இப்படிக் கழற்றப்படும் டிஸ்குகளில் பல நல்ல நிலையில்தான் இருக்கின்றன. பழுது வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் முறையை எழுதவே இந்த மடல்.

முதலில் இந்தப் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். லாரியில் ஏர் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது அல்லவா, இதுவும் அந்த வகைதான். ஏருக்குப் பதில் ஆயில். டிராக்கை ஓட்டும் டிராவல் மோட்டாருக்குள் உராய்வு டிஸ்குகளும் ஸ்டீல் பிளேட்டுகளும் மாற்றி மாற்றி அடுக்கப்பட்டிருக்கும். டிஸ்கின் உள்பல் மோட்டாரின் சிலிண்டர் பிளாக்கிலும், பிளேட்டின் வெளிப்பல் மோட்டார் கேஸிலும் மாட்டியிருக்கும். ஸ்பிரிங்குகள் ஒரு பிஸ்டனை அந்த அடுக்கின் மேல் அழுத்திப் பிடித்திருக்கும். டிராவல் லீவரைத் தள்ளும்போது ஆயில் வந்து பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளினால்தான் பிரேக் விடும். ஆக, இன்ஜின் நின்றாலும் ஓஸ் வெடித்தாலும் பிரேக் பிடிக்க வேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்றால் பெரும்பாலும் ஆயில் போதிய பிரஷரில் வந்து சேரவில்லை என்று பொருள். அந்த அடையாளத்தைக் கண்டு டிஸ்கைக் கழற்றுவது, ஃபியூஸ் போன வீட்டில் பல்பை உடைக்கிற வேலை.

"டிஸ்க் இல்லைன்னாலும் ஹைட்ராலிக் பிடிச்சுக்கும்" என்ற பேச்சும் உண்டு. கொஞ்ச நேரம் பிடிக்கும், அதுதான் ஆபத்தே. லீவரை விட்டதும் கவுன்டர்பேலன்ஸ் வால்வு மோட்டாருக்கு ஆயில் வந்துபோகும் இரண்டு வழியையும் அடைக்கிறது. ஆனால் பிஸ்டன் மோட்டார் எதுவும் நூறு சதவீதம் அடைப்பு இல்லை. பிஸ்டன் ஓரத்திலும் வால்வு பிளேட் முகத்திலும் ஆயில் கசிந்து கேஸ் டிரெயினுக்கு, அதாவது கசிவு ஆயில் டேங்க்குக்குத் திரும்பும் வழிக்கு, போய்க்கொண்டே இருக்கும். ஆயில் சூடாக இருந்தால் இன்னும் வேகமாகக் கசியும். அதனால் வண்டி முதல் நிமிடத்தில் கல் மாதிரி நிற்கும், மூன்றாவது நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கத் தொடங்கும்.

எவ்வளவு சுமை என்று ஒரு கணக்கு. ஏழரை டன் வண்டி 12 டிகிரிச் சரிவில் நிற்கிறது. அதைக் கீழே இழுக்கும் விசை சுமார் 1,560 கிலோ. பக்கத்துக்கு 780 கிலோ. ஸ்ப்ராக்கெட்டின் (டிராக்கை இழுக்கும் பற்சக்கரம்) ஆரம் கால் மீட்டர், ஃபைனல் டிரைவின் (மோட்டாருக்கும் அதற்கும் இடையிலுள்ள கியர் பெட்டி) கியர் விகிதம் 50-க்கு 1 என்று வைத்தால், மோட்டார் ஷாஃப்ட்டில் பிரேக் தாங்க வேண்டிய முறுக்கு 4 கிலோ-மீட்டருக்கும் குறைவு. உள்ளங்கை அளவு டிஸ்க் முழு வண்டியையும் பிடிப்பது இப்படித்தான். அதே கணக்கு மறுபக்கமும் வெட்டும்: அந்தச் சின்ன டிஸ்கை எடுத்துவிட்டால் அதன் இடத்தில் நிற்க வேறெதுவும் இல்லை.

இனி சோதனை. பிடிக்கவில்லை என்ற புகாரும் விடவில்லை என்ற புகாரும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் பணம்தான் போகும்.

பிடிக்கிறதா என்று பார்க்க, கெட்டியான தரையுள்ள ஒரு சரிவு வேண்டும். 12 டிகிரி என்றால் ஒரு மீட்டருக்கு 21 செ.மீ. ஏற்றம். ஒரு மீட்டர் நேர்ப்பலகையை ரசமட்டத்தோடு மட்டமாகப் பிடித்து, கீழ்முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் தெரிந்துவிடும். வண்டியை அரைமணி நேரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சரிவில் நேராக ஏற்றி நிறுத்தி, பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி வையுங்கள். வண்டி இறங்கினால் அப்படியே ஊன்றலாம். டிராக்குக்குக் கீழ்ப்பக்கம் அரை மீட்டர் தள்ளிக் கட்டை கொடுங்கள். கீழே ஆள் நிற்கக் கூடாது. ஆபரேட்டர் சீட்டிலேயே இருக்கட்டும்.

இப்போது சாக்பீஸ். ஸ்ப்ராக்கெட்டின் ஒரு பல்லிலும் அதற்கு எதிரே டிராக் ஃபிரேமிலும் ஒரே நேராக ஒரு கோடு. டிராக் ஷூ ஒன்றிலும் அதன் பக்கத்துத் தரையிலும் இன்னொரு கோடு. இரண்டு பக்கமும் இப்படிப் போட்டுவிட்டு இன்ஜினை அணைத்து, 5 நிமிடம் காத்திருங்கள். ஒரு நிமிடத்தில் "நிக்குதுண்ணே" என்று எழுந்து போகாதீர்கள். மேலே சொன்னபடி கவுன்டர்பேலன்ஸ் வால்வு முதல் நிமிடத்தில் கெட்ட பிரேக்கை மறைத்துவிடும். 5 நிமிடத்தில் நகர்வு பூஜ்யமாக இருக்க வேண்டும். அரை அங்குலம் பரவாயில்லை என்ற சலுகை இதில் கிடையாது.

தரைக்கோடு விலகி ஸ்ப்ராக்கெட் கோடு விலகாமல் இருந்தால், பிரேக் நன்றாக இருக்கிறது; வண்டிதான் ஈர மண்ணில் சறுக்கியிருக்கிறது. ஷூவின் கிரௌசர் (தரையைக் கவ்வும் மேடு) தேய்ந்திருக்கலாம், அல்லது அது வண்டி நிறுத்தவே ஆகாத தரை. மழைக்காலத்தில் இந்த மலையின் செம்மண்ணில் பிரேக் பழுது என்று எழுந்த புகார்களில் இதுவும் உண்டு. லோபெட் டிரெய்லரில் ஏற்றும்போது நனைந்த இரும்பு ராம்ப்பில் இரும்பு டிராக் வழுக்குவதும் இதே கதை.

ஸ்ப்ராக்கெட் கோடு ஒரு பக்கம் மட்டும் விலகினால் அந்தப் பக்க மோட்டாரைத் திறக்க வேண்டும். டிஸ்க் தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், பிஸ்டன் துருவிலோ கீறலிலோ சிக்கிப் பின்னுக்கே நின்றிருக்கலாம். இரண்டு பக்கமும் விலகினால் மோட்டாரைத் தொடுவதற்கு முன், பிரேக் லைனில் பிரஷர் தங்கி நிற்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது நின்று, ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இறங்குகிறது என்றால் பெரும்பாலும் அதுதான்: ரிட்டர்ன் அடைப்பு, சோலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும்) வால்வின் ஸ்பூல் (உள்ளே நகரும் தண்டு) சிக்கல், அல்லது டிராவல் ஸ்பூல் நடுவுக்குத் திரும்பாதது.

ஸ்ப்ராக்கெட் அசைகிறது, ஆனால் திறந்து பார்த்தால் டிஸ்க் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் ஃபைனல் டிரைவைப் பாருங்கள். அதன் நடுவிலுள்ள சன் கியரின் ஸ்பிளைன் (ஷாஃப்ட்டில் மாட்டும் பல்) மழுங்கியிருந்தால், பிரேக் ஷாஃப்ட்டைப் பிடித்து என்ன பயன்?

அடுத்து, விடவில்லை என்ற புகார். முதலில் மேடை போன்ற மட்டத் தரைக்கு வாருங்கள். ஆர்மையும் பூமையும் 90 முதல் 110 டிகிரி கோணத்தில் வைத்து, பக்கெட்டின் முதுகால் ஊன்றி ஒரு பக்க டிராக்கைத் தூக்குங்கள். அதைச் சும்மா சுழலவிட்டு டிராவல் பிரஷரைக் குறியுங்கள். மறுபக்கமும் அப்படியே. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தெளிவாக அதிகம் என்றால் அங்கே ஏதோ இறுக்கிப் பிடிக்கிறது. டிராக் செயின் டென்ஷன் இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். கிரீஸ் அடித்து இறுக்கிய செயினும் இதே அடையாளம் காட்டும். பத்து நிமிடம் ஓட்டியபின் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை மோட்டார் உடலிலும் ஸ்ப்ராக்கெட் ஹப்பிலும் காட்டுங்கள். மோட்டார் உடல் அதிகம் கொதித்தால் பெரும்பாலும் பிரேக். ஹப் கொதித்தால் கியர் அல்லது பேரிங்.

தூக்கியபோது இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்து, சுமையில் மட்டும் ஒரு பக்கம் வலுவில்லை என்றால் ஓஸ் மாற்றிப் பார்க்கலாம். சென்டர் ஜாயின்ட்டுக்கு (மேல்பகுதி சுழன்றாலும் கீழே ஆயிலைக் கடத்தும் இணைப்பு) மேலே வலது, இடது டிராவல் ஓஸ்களை மாற்றிக் கோர்த்து ஓட்டுங்கள். பழுது மறுபக்கத்துக்கு மாறினால் பம்ப்பிலோ கன்ட்ரோல் வால்விலோ குறை. மாறாமல் அங்கேயே நின்றால் சென்டர் ஜாயின்ட் அல்லது மோட்டார். ஒரு ரூபாய் உதிரிபாகம் வாங்காமல் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கழற்றுவதற்கு முன் இன்ஜினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து லீவர்களை ஆட்டி, டேங்க் மூடியைத் திறந்து பிரஷரை விட்டுவிடுங்கள். மாற்றிய பிறகு இடது லீவர் வலது டிராக்கை ஓட்டும் என்பதை ஆபரேட்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

பிரேக் விடும் ஆயில் எங்கிருந்து வருகிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். பல எக்ஸ்கவேட்டர்களில் டிராவல் ஆயிலே கவுன்டர்பேலன்ஸ் ஸ்பூல் வழியாக மோட்டாருக்குள்ளேயே பிரேக் பிஸ்டனுக்குப் போய்விடும். வெளியே தனி ஓஸ் கிடையாது. வேறு சில டிராக் இயந்திரங்களில் பைலட் ஆயில் (வால்வுகளை இயக்கும் குறைந்த பிரஷர் ஆயில்) அல்லது சார்ஜ் பம்ப் ஆயில், சோலினாய்டு வால்வு வழியாகத் தனி மெல்லிய ஓஸில் வரும். மேனுவலின் ஹைட்ராலிக் படத்தைப் பார்த்து உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். படத்தைப் பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பவரிடம் மோட்டாரைக் கொடுக்காதீர்கள்.

தனி ஓஸ் உள்ள வகையில் சோதனை எளிது. மோட்டாரின் பிரேக் போர்ட்டில் ஒரு டீ வடிவ இணைப்பைப் போட்டு 60 பார் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். 600 பார் கேஜை இங்கே மாட்டினால் ஊசி அசைவதே தெரியாது. 60 பார் கேஜை டிராவல் லைனில் மாட்டினால் வெடிக்கும். பைலட் பிரஷர் பல வண்டிகளில் 30 முதல் 40 பார் வரை. சரியான எண் மேனுவலில் இருக்கும். பிரேக்கை விடச் சொன்னதும் ஊசி அந்த அளவுக்கு ஏற வேண்டும், நிறுத்தியதும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வால்வில் 35, மோட்டாரில் 12 என்று காட்டினால் வழியில் கசிகிறது. சென்டர் ஜாயின்ட் சீலைச் சந்தேகப்படுங்கள். வால்விலேயே 12 என்றால் பைலட் ஃபில்டர், பைலட் ரிலீஃப், பம்ப் என்று பின்னோக்கிப் போங்கள். ஊசி தயங்கித் தயங்கி ஏறி இறங்கினால் ஏதோ ஒரு ஓரிஃபிஸில் அழுக்கு. பழைய சீலிலிருந்து பிய்ந்த ரப்பர்த் துணுக்கு குண்டூசித் தலை அளவு இருந்தால் போதும், அந்தத் துளை அடைந்துவிடும்.

ஊசி அசையவே இல்லை என்றால் மின்சாரம். பெரிய வண்டியில் 24 வோல்ட், சின்ன வண்டியில் 12. கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். பச்சை பூத்த கனெக்டர் முனை வழியாக மீட்டருக்கு வேண்டிய மின்சாரம் போகும், சோலினாய்டு காயிலுக்கு வேண்டியது போகாது. கனெக்டர் மாட்டிய நிலையில், வயரின் பின்பக்கமிருந்து அளந்து பாருங்கள். லாக் லீவர் சுவிட்ச், சீட் சுவிட்ச் இரண்டையும் பாருங்கள். எஸ்டேட் ஷெட்டில் ஒரு மாதம் நின்ற வண்டி என்றால் எலி கடித்த இடத்தை முதலில் தேடுங்கள், நேரம் மிச்சம்.

வெளியே ஓஸ் இல்லாத வகையில் கேஸ் டிரெயின்தான் சாட்சி. டிரெயின் ஓஸ் நசுங்கியிருந்தாலோ, யாரோ கையில் கிடைத்த குறுகிய துளை ஓஸைப் போட்டிருந்தாலோ கேஸ் பிரஷர் ஏறும். பல மோட்டார்களில் அது ஸ்பிரிங்கோடு சேர்ந்துகொண்டு பிஸ்டனைத் தள்ளும். வருகிற ஆயிலால் பிரேக்கை முழுதாக விடுவிக்க முடியாது. டிஸ்க் உரசியபடியே ஓடிக் கருகும். கூடவே ஷாஃப்ட் சீல் பிதுங்கி, ஹைட்ராலிக் ஆயில் கியர் கேஸுக்குள் போய்விடும். ஃபைனல் டிரைவின் லெவல் பிளக்கைத் திறந்து பாருங்கள். கெட்டியான கியர் ஆயில் மெதுவாக வழிய வேண்டிய இடத்தில் மெல்லிய ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்தால், மோட்டாரைத் திறக்காமலே சேதி தெரிந்துவிட்டது. முகத்தைத் தள்ளி வைத்துத் திறங்கள். சீலை மட்டும் மாற்றி டிரெயினைக் கவனிக்காமல் விட்டால் புதுச் சீலும் அதே வழியில் போகும்.

இந்த மலைக்கே உரிய ஒன்று குளிர். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, அவலாஞ்சிப் பக்கம் உறைபனி விழும் காலைகளில், சமவெளிக்கென்று ஊற்றிய விஜி 68 ஆயிலோடு (எண் கூடக் கூட ஆயில் கெட்டி) வண்டி ஏறி வருகிறது. விஜி 46 ஆயிலே 40 டிகிரியில் 46 சென்டிஸ்டோக்ஸ் என்றால் உறைநிலையில் பத்து மடங்குக்கு மேல் கெட்டியாகிவிடும். 68 இன்னும் மோசம். பிரேக் ஆயில் மெல்லிய வழியில் தவழ்ந்து வந்து சேர்வதற்குள் ஆபரேட்டர் லீவரை முழுக்கத் தள்ளிவிடுகிறார். பாதி விட்ட பிரேக்கோடு வண்டி உரசிக்கொண்டு நகர்கிறது. திரும்பி வடிவதும் தாமதம், அதனால் பிடிப்பதும் தாமதம். காலையில் 10, 15 நிமிடம் பக்கெட், ஆர்மை மட்டும் இயக்கிச் சூடாக்கிவிட்டு, பிறகு குறைந்த வேகத்தில் முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லுங்கள். எந்தக் குளிருக்கு எந்த ஆயில் என்ற அட்டவணை மேனுவலில் இருக்கிறது. அந்தக் கால் மணி நேரத்துக்கு வாடகை பிடிக்காதீர்கள் என்று ஒப்பந்ததாரர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

மோட்டாரைத் திறந்தே ஆக வேண்டும் என்றால்: கவருக்குப் பின்னால் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. எதிரெதிரே இரண்டு நீளமான போல்ட்டைப் போட்டுக்கொண்டு, மற்றவற்றை எடுத்தபின் அந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சமமாகத் தளர்த்துங்கள். ஸ்பிரிங்குகளின் நீளத்தை வெர்னியரில் அளந்து, ஒன்று குட்டையாக இருந்தாலும் முழு செட்டையும் மாற்றுங்கள். ஸ்டீல் பிளேட் நீலம் பாரித்திருந்தால் அது சூட்டில் வெந்தது; தடிமன் சரியாக இருந்தாலும் கழித்துவிடுங்கள். புது உராய்வு டிஸ்கைச் சுத்தமான ஹைட்ராலிக் ஆயிலில் ஊறவைத்த பிறகே அடுக்க வேண்டும். பிஸ்டன் சீல்களுக்குக் கடையில் கண்ணளவில் பொருந்தும் ஓ-ரிங்கை வாங்காதீர்கள். குறுக்களவில் நூலிழை குறைந்தாலும் பிரஷர் தாண்டிப் போய்விடும், பிரேக் மறுபடி விடாது, மறுபடி "டிஸ்கை எடு" என்ற பேச்சு வரும். மூடியதும் மோட்டார் கேஸில் ஆயில் நிரப்பாமல் ஸ்டார்ட் செய்தால் முதல் நிமிடத்திலேயே பிஸ்டன் ஷூ வறண்டு உரசும்.

பிரேக் விடாமல் வண்டி நடுச்சாலையில் நின்றுபோனால் இன்னொரு வண்டியால் இழுக்காதீர்கள். தனிப் போர்ட் இருந்தால் கைப்பம்ப்பால் மேனுவல் சொன்ன பிரஷர் கொடுத்து விடுவிக்கலாம். இல்லையென்றால் பல ஃபைனல் டிரைவ்களில் கவரைத் திறந்து சன் கியரை உருவிவிட்டால் டிராக் தனியாகச் சுழலும். ஆனால் அந்த நொடியிலிருந்து வண்டிக்கு பிரேக்கே கிடையாது. நான்கு முனையிலும் கட்டை கொடுத்து, பிளேடும் பக்கெட்டும் ஊன்றி, மேட்டுப்பக்கம் ஒரு வண்டியோடு சங்கிலி போட்ட பிறகுதான் கவர் போல்ட்டில் கை வைக்க வேண்டும். சரிவு அதிகம் என்றால் அங்கே வேண்டவே வேண்டாம். நின்ற இடத்திலேயே சீலை மாற்றுங்கள்.

இறக்கத்தில் ஓடும்போது வண்டி கையை மீறிப் போகிறது என்றால் அது பார்க்கிங் பிரேக்கின் வேலை அல்ல, கவுன்டர்பேலன்ஸ் வால்வின் வேலை. மேல்பகுதி தானாகச் சரிவுப் பக்கம் திரும்புகிறது என்றால் ஸ்விங் மோட்டார் பிரேக். அது லீவரை விட்டுச் சில வினாடிகள் கழித்தே பிடிக்கும்படி பல வண்டிகளில் அமைத்திருப்பதால், உடனே பிடிக்கவில்லை என்று பதறாதீர்கள்.

இந்த மாவட்டத்தில் மண் அள்ளும் இயந்திரம் ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. 2009 நவம்பரில் நிலச்சரிவுகளில் 40-க்கு மேற்பட்டோர் இறந்ததையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீட்டருக்கு மேல் கொட்டியதையும் பார்த்த ஊர் இது. அப்படிப்பட்ட நாளில் முதலில் அழைக்கப்படுவது நம் வண்டிகள்தான். அவை போய் நிற்கும் இடமும் சரிந்த மண்ணின் மேல்தான், பக்கத்தில் மண்வெட்டியோடு ஆட்கள் இருக்க. கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தென்மேற்கு மழைக்கு முன், மே கடைசியிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழைக்கு முன், செப்டம்பர் கடைசியிலும் மேலே சொன்ன 5 நிமிடச் சோதனையைச் செய்து, தேதி, சரிவு, இரண்டு பக்க நகர்வு ஆகியவற்றை லாக் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வண்டியை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்ததாரர் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். அனுமதி வழங்கும் அதிகாரிகளும் இந்த மடலைப் படிக்க நேர்ந்தால், விண்ணப்பத்தோடு அந்தப் பக்கத்தின் நகலையும் கேட்கலாம். புதிய படிவம் எதுவும் தேவையில்லை.

ஏற்கெனவே டிஸ்க் கழற்றப்பட்ட வண்டி உங்களிடம் இருந்தால், எந்தப் பக்கம், எப்போது கழற்றியது என்று ஆபரேட்டரிடம் இன்றே சொல்லுங்கள். கேபின் கண்ணாடியிலும் எழுதி ஒட்டுங்கள். டிஸ்க் செட், ஸ்பிரிங் செட், சீல் கிட் மூன்றுக்கும் மோட்டார் பிளேட்டில் உள்ள எண்ணைச் சொல்லி ஆர்டர் போடுங்கள். வண்டியின் மாடல் எண் மட்டும் போதாது, ஒரே மாடலில் இரண்டு வகை மோட்டார் வந்திருக்கலாம். பாகம் வந்து பூட்டும்வரை அந்த வண்டி மட்டத் தரையில் மட்டும் வேலை செய்யட்டும்.

இப்படிக்கு,
நீலகிரியில் டிராக் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளும் ஓட்டும் ஆபரேட்டர்களும்